மருந்து லோரியில் மனுசர் ஏறலாமா?

காலைப் பெரட்டு முடிந்ததும் ஸ்டோர் வாசலில் லோரி வந்து நிற்கும். முதலில் களைக்கொல்லி டிரம் ஏறும். அடுத்து பம்புகள். கடைசியில், கிடைத்த சந்தில் நம் பெண்கள் சோற்றுப் பாத்திரத்தோடு ஏறிக்கொள்வார்கள். ஒரு கை கம்பியைப் பிடித்திருக்கும். மறு கை டிரம் சாயாமல் தாங்கியிருக்கும். மேடு பள்ளத்தில் மூடி கசிந்தால் கைலியில்தான் துடைப்பு. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எவருக்கும் இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

"என்னாங்க செய்யிறது, நடந்தா ரெண்டு மைலு" என்பார்கள். நியாயம்தான். ஆனால் அந்த இரண்டு மைல் சவாரிக்கு உடம்பு கட்டும் கூலி எவ்வளவு என்று நாம் கணக்குப் பார்ப்பதில்லை.

சட்டம் இல்லையா? இருக்கிறது, 1974-லிருந்தே இருக்கிறது. அந்த ஒரே ஆண்டில்தான் பூச்சிமருந்துச் சட்டமும் சுற்றுச்சூழல் தரச் சட்டமும் வந்தன. முதல் சட்டப்படி, பூச்சிமருந்து வாரியத்தில் பதிவாகாத மருந்தை நாட்டுக்குள் கொண்டுவரவோ விற்கவோ கூடாது. பதிவான மருந்தின் லேபலில் எல்.ஆர்.எம்.பி. என்று தொடங்கும் எண் இருக்கும். அடியில் ஒரு வண்ணப்பட்டை இருக்கும். கறுப்பு என்றால் மிகக் கொடிய விஷம்; அதற்கடுத்து சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை என்று வேகம் குறையும். மலாய் எழுத்து புரியாவிட்டாலும் வண்ணம் புரியுமல்லவா? வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால் லேபலைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். லேபலே இல்லாமல் மினரல் போத்தலில் ஊற்றிக் கொடுக்கும் மருந்தைத் தொடவே தொடாதீர்கள். மாற்று மருந்தே இல்லாத பாராகுவாட் இந்த நாட்டில் 2020 ஜனவரி முதல் நாளோடு முற்றாகத் தடை செய்யப்பட்டது. பழைய சரக்கு எங்காவது ஸ்டோர் மூலையில் கிடந்தால், அதை லோரியில் ஏற்றச் சொல்ல யாருக்கும் அதிகாரம் கிடையாது.

இது போகிற மருந்தின் கதை. திரும்பி வருகிற காலி டின்னைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நமக்குப் பெரிய கவலை அதுதான். மருந்து ஒட்டிய டின், டிரம், பை, ஒர்க்‌ஷாப்பில் வடித்த கறுப்பு எண்ணெய் எல்லாமே 2005-ஆம் ஆண்டு விதிகளின்படி அட்டவணைக் கழிவு. சுற்றுச்சூழல் இலாகாவின் லைசென்ஸ் பெற்ற வண்டி மட்டுமே அதை வெளியே கொண்டு போகலாம். எங்கிருந்து எடுத்தது, யார் ஏற்றியது, எங்கே இறக்கியது என்று ஒரு சீட்டும் கூடவே போக வேண்டும். சரக்கு போய்ச் சேர்ந்த சீட்டு 30 நாளில் திரும்பாவிட்டால் நிர்வாகம் இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஓட்டுநர் கையில் அந்தக் கழிவு என்ன, கொட்டினால் என்ன செய்வது என்ற விவரத் தாள் இருக்க வேண்டும்.

நடப்பு என்ன? பழைய இரும்பு வாங்குகிறவர் வந்து டிரம்முக்கு சில வெள்ளி கொடுத்துத் தூக்கிப் போகிறார். மீதி லயத்துக்கு வந்து மழைத்தண்ணீர் பிடிக்க நிற்கிறது. நல்ல தடித்த டிரம் என்று அதற்குப் போட்டி வேறு!

வண்டி ஓட்டும் நம் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. 2019 மார்ச் 7-ஆம் தேதி பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறி சிகிச்சைக்கு ஓடினார்கள். 111 பள்ளிகள் மூடப்பட்டன. அந்த விவகாரத்தில் நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் லோரி ஓட்டுநரும் ஒருவர். ஆகவே "முதலாளி சொன்னாரு, ஏத்தினேன்" என்ற பதில் நம்மைக் காப்பாற்றும் என்று நம்பிவிட வேண்டாம். 2024-இல் திருத்தம் வந்து அபராதமும் பல மடங்கு ஏறிவிட்டது. இராத்திரி நேரத்தில் கூடுதல் காசு கொடுத்து, என்ன சரக்கு என்று சொல்லாமல் ஓட்டச் சொன்னால், முதலில் லைசென்ஸையும் சீட்டையும் கேளுங்கள். இல்லையென்றால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மறுத்தால் வேலை போகுமே என்ற பயம் நமக்குத் தெரியாததல்ல. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் 2024 ஜூன் முதல் தேதியிலிருந்து ஒரு புதிய பிரிவு நடப்பில் இருக்கிறது. உடனடி ஆபத்து என்று நியாயமான காரணத்தோடு நம்பும் தொழிலாளி, முதலாளி அதை நீக்காத பட்சத்தில், அந்த இடத்தைவிட்டு விலகலாம். அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. தனியாளாகச் சொன்னால் கங்காணி முறைப்பார். கொங்சியோடு சேர்ந்து, சங்கத் தலைவரையும் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். பக்கத்தில் நிற்கும் வங்காளதேசத் தொழிலாளியையும் இந்தோனேசியத் தொழிலாளியையும் விட்டுவிடாதீர்கள். அவர்களுக்கும் அதே டிரம், அதே நுரையீரல்.

தோட்ட நிர்வாகங்களை நாம் கேட்பது பெரிய காரியமல்ல. மருந்துக்கு ஒரு நடை, ஆளுக்கு ஒரு நடை. காலி டின்னுக்குப் பூட்டிய கொட்டகை. அதை எடுத்துப் போகும் வண்டியின் லைசென்ஸ் நகலை ஆபீஸ் பலகையில் ஒட்டுவது. மருந்து லோரி இன்னொரு முறை ஓடினால் டீசல் எத்தனை வெள்ளி ஆகும் என்று எந்த நிர்வாகமாவது கணக்குக் காட்டட்டும், இதே பகுதியில் வெளியிடுகிறோம்.