இருந்தால்தானே திரும்பி வரும்?

திரும்பி வருவதற்காகக் காத்திருப்பது சின்ன காஞ்சிபுரத்துக்குப் புதிதல்ல. வரதராஜப் பெருமாள் கோயில் திருக்குளத்தில் இருக்கும் அத்திவரதர் 40 ஆண்டுக்கு ஒரு முறைதான் வெளியே எழுந்தருள்வார். 1979-ல் வந்தார். பிறகு 2019-ல், ஜூலை 1-ந் தேதி முதல் 48 நாள் காட்சி தந்தார். அந்த நாட்களில் ஊரில் கால் வைக்க இடமில்லை.

தெய்வ காரியம் வேறு. விளையாட்டும் வேடிக்கையும் வேறு. ஆனாலும், மனத்தில் பதிந்த ஒன்று மறுபடி வருகிறது என்றால் ஜனங்கள் ஏன் ஓடுகிறார்கள் என்பதை இந்த ஊருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஜப்பான் நாட்டில் ஒரு வீடியோ விளையாட்டு. பெயர் "டிராகன் குவெஸ்ட்". ஆடுகிறவரே கதாநாயகன் வேடம் ஏற்று, ஊர் ஊராகப் போய், துணைக்கு ஆள் சேர்த்து, பூதங்களோடு போரிட்டுக் கதையை நடத்த வேண்டும். கிட்டத்தட்ட கூத்துதான், ஆடுகிறவரும் பார்க்கிறவரும் ஒருவரே! இதன் மூன்றாம் பாகம் 1988 பிப்ரவரி 10-ந் தேதி வெளிவந்தது. கடை வாசலில் நீண்ட வரிசை. பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு வந்த பிள்ளைகளைப் போலீஸார் பிடித்தார்கள்! அதே கதை 2024 நவம்பர் 14-ந் தேதி புதிய சித்திரங்களோடு திரும்ப வந்தது. அன்று மட்டம் போட்ட பையனுக்கு இப்போது ஐம்பது வயது ஆகியிருக்கும். அவன் வயதுக்காரர்களும் வாங்கினார்கள். அவர்கள் பிள்ளைகளும் வாங்கினார்கள்.

இதைக் கேட்டுத் தமிழ்நாட்டில் யாரும் சிரிக்க முடியாது. பி. ஆர். பந்துலு எடுத்த "கர்ணன்" படம் 1964 பொங்கலுக்கு வெளிவந்தது. கர்ணனாக சிவாஜி கணேசன், கண்ணனாக என். டி. ராமராவ். 48 ஆண்டு கழித்து, 2012 மார்ச் 16-ந் தேதி அதே படம் மறுபடி கொட்டகைகளுக்கு வந்தது. புதுப் படங்களுக்கு நடுவே நூறு நாளைத் தாண்டி ஓடியது. அன்று பார்த்தவர்கள் பேரப் பிள்ளைகளோடு போனார்கள். அடுத்து, பந்துலுவின் "ஆயிரத்தில் ஒருவன்" 2014-ல் திரும்ப வந்து சென்னையில் வெள்ளி விழா கண்டது.

கர்ணன் கடைசியில் மாண்டு போவான் என்பது எல்லோருக்கும் தெரியும். காஞ்சிபுரம் வட்டாரத்தில் "கர்ண மோட்சம்" கூத்தை விடிய விடியப் பார்த்து, விடியும்போது கண்ணைத் துடைத்துக் கொள்கிற குடும்பங்கள் உண்டு. முடிவு தெரிந்திருப்பது ஒரு குறையே அல்ல.

ஆனால் "கர்ணன்" தானாக வந்துவிடவில்லை. படச்சுருள் கெட்டிருந்தது. ஒலி கரகரத்தது. காட்சி காட்சியாகத் துடைத்துச் சரி செய்தார்கள். பின்னணி இசையை மறுபடி சேர்த்தார்கள். நல்லவேளை, துடைப்பதற்குச் சுருள் என்று ஒன்று இருந்தது!

"காளிதாஸ்" படத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை. 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் அது. டி. பி. ராஜலட்சுமி நடித்தது. இன்று அதன் பிரதி ஒன்றுகூடக் கிடையாது. எத்தனை லட்சம் ரசிகர்கள் கேட்டாலும் அதைத் திரும்ப வெளியிட முடியாது. வீடியோ விளையாட்டுகளின் கதியும் இதுதான். அமெரிக்காவில் 2010-க்கு முன் வந்த விளையாட்டுகளில் நூற்றுக்கு 87 இன்று கடையில் கிடைப்பதில்லை என்று 2023-ல் ஓர் ஆய்வு கணக்கெடுத்தது.

சின்ன காஞ்சிபுரத்து நெசவாளருக்கு இந்த நஷ்டம் நன்றாகத் தெரியும். ஜக்கார்டு பெட்டியில் ஓட்டை போட்ட அட்டைகள் வரிசையாகக் கோத்துத் தொங்கும். ஓட்டை உள்ள இடத்தில் பாவு இழை மேலே எழும். இல்லாத இடத்தில் எழாது. அன்னமும் யாளியும் சேலையில் பூப்பது இப்படித்தான். கம்ப்யூட்டர்களுக்கும் ஆரம்ப காலத்தில் இப்படி ஓட்டை போட்ட அட்டையில்தான் கட்டளை கொடுத்தார்கள். ஆகவே பட்டுச் சேலையும் வீடியோ விளையாட்டும் தூரத்து உறவுதான்! அட்டை மக்கினால் அந்தப் பூ போயிற்று. யார் வீட்டுப் பெட்டியிலாவது பழைய சேலை இருந்தால், அதைப் பார்த்து மறுபடி கட்டம் போட்டு வரைய வேண்டும்.

ரசிகர்களின் ஆரவாரத்தில் தவறு இல்லை. ஆரவாரம் இருந்தால்தான் பழையதைப் புதுப்பிக்கப் பணம் போட ஆள் வருவார்கள். ஆனால் அவர்கள் வரும் வரை காப்பாற்றி வைப்பது யார்? படங்களுக்காகப் புனேயில் 1964-ல், "கர்ணன்" வந்த அதே ஆண்டில், தேசியத் திரைப்படக் காப்பகம் தொடங்கினார்கள். பழைய சுருள் வைத்திருக்கும் படக் கம்பெனிகளும் குடும்பங்களும் அது புளித்துப் போகும் முன் அங்கே கொடுத்து வைக்கலாம். நெசவு அட்டைக்கு அப்படி ஓர் இடம் காஞ்சிபுரத்திலேயே வேண்டும். கைத்தறித் துறையும் கூட்டுறவுச் சங்கங்களும் மனம் வைத்தால், பரண்மேல் கிடக்கும் அட்டைகளைப் படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றப் பெரிய செலவு ஆகாது. அட்டை குத்தத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும்.