மாடு இல்லாத போர் ஆட்டம்

பேரன் கணினியில் ‘இம்பரேட்டர்: ரோம்’ ஆடுகிறான். 2019இல் வந்த ஆட்டம். கதை கி.மு. 304இல் தொடங்குகிறது, வரைபடம் ஐரோப்பாவிலிருந்து இந்தியா வரை விரிகிறது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில் எனக்கு ஓர் அபிப்பிராயம்: பழங்காலத்தைப் பற்றிய ஆட்டம் என்றால் அது அரசனின் கையைக் கட்டிப்போட வேண்டும்.

இதில் தலைநகரத்தின் உத்தரவு நொடியில் படைக்குப் போய்விடுகிறது. நான் குமாஸ்தாவாக இருந்த நாளில் வேலூர் தபால் ஆம்பூர் வரவே சில நாள் ஆகும்!

அடுத்தது சோறு. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோது காலியர்களை எங்கள் முன்னோர் போலவே சொல்லிக்கொடுத்தார்கள், சிரிக்காதீர்கள். அந்தக் காலியர் தலைவன் வெர்சேன்ழெத்தோரிக்ஸ் கி.மு. 52இல் தன் பக்கத்து ஊர்களையே கொளுத்தச் சொன்னான். சீசரின் படைக்குத் தானியம் கிடைக்கக்கூடாது, அவ்வளவுதான்.

நம் பக்கம் வந்தால், மாடு. தொல்காப்பியப் புறத்திணையியல் தொடங்குவதே வெட்சியில்தான். அதாவது எதிரியின் ஆநிரையைக் கவர்வதில். அன்றைக்குச் செல்வம் என்றால் மாடு. பிற்காலத்திலும் இது நின்றுவிடவில்லை. 9ஆம் நூற்றாண்டில், நிருபதுங்க பல்லவன் காலத்தில், மாடு பிடிக்க வந்த படையோடு மோதி இறந்தவர்களுக்கு ஆம்பூரிலேயே நடுகல் உண்டு. இன்று தோல் ஷாப்புகளுக்குப் பேர்போன அதே ஆம்பூர்!

ஆகவே சேர சோழ பாண்டியரை வைத்து ஆட்டம் செய்கிறவர்கள், கோட்டையைப் பிடிப்பதற்கு முன்னால் யாருடைய மந்தையை ஓட்டி வருவது, அதை யார் மீட்கப் போவது என்று ஆடுகிறவனை யோசிக்க வைக்கட்டும்.