கூட ஒரு ஆள் போனால்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். வீட்டுப் பெண்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

சில மாதங்களுக்கு முன்பு எங்கள் ஊர் மந்தைப் பக்கம் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். 30 வயது தாண்டிய தாய்மார்களுக்கு இலவசப் புற்றுநோய்ப் பரிசோதனை என்று அறிவிப்பு. நான் ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பக்கத்தில் இருந்த அம்மா, "அந்தக் கருமம் பிடிச்ச பேரை ஏன் காலங்காத்தால சொல்லிட்டுப் போறானுக" என்றார். அந்த முகாமுக்கு வந்தவர்கள் 11 பேர். வாக்காளர் பட்டியல் வேலைக்காகப் பல வருடம் வீடு வீடாக ஏறி இறங்கியவள் நான். எங்கள் ஊரில் 30 தாண்டிய பெண்கள் நானூறுக்குக் குறைய மாட்டார்கள்.

நான் இரண்டு வருட ஆசிரியர் பயிற்சி படித்த செகண்டரி கிரேடு டீச்சர். டாக்டர் இல்லை. ஆனாலும் இதை எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கிறது.

எங்கள் பள்ளியில் சத்துணவு சமைத்த அக்கா ஒருவர் இருந்தார். பன்னிரண்டு வருடம் தினமும் பார்த்த முகம். மாதவிலக்கு நின்று மூன்று வருடம் ஆனவருக்குத் திரும்பவும் ரத்தம் பட ஆரம்பித்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும், "டீச்சர், இடுப்பு விட்டுப் போகுது" என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். நான் என்ன செய்தேன்? தைலம் வாங்கிக் கொடுத்தேன். வேறு ஏதாவது இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்க எனக்கும் கூச்சம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று தெரிந்தபோது முற்றிவிட்டது. எட்டு மாதத்தில் போய்விட்டார்.

மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் டாக்டரிடம் போக வேண்டும் என்று இன்றைக்கு எல்லோரிடமும் சொல்கிறேன். அன்றைக்குச் சொல்லவில்லை.

படிப்பறிவு இல்லாததால்தான் நம் பெண்கள் வருவதில்லை என்று மேடையில் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அறிவியல் பாடம் எடுத்த நானே என் 58 வயதில்தான் முதல் தடவை போய்ப் பரிசோதித்துக்கொண்டேன். யார் பார்ப்பார்கள், ஆம்பளை டாக்டரா, வெளியே உட்கார்ந்திருப்பவர்களில் சொந்தக்காரர் யாராவது இருந்தால் என்ன சொல்வது, நூறு நாள் வேலைக்கு ஒரு நாள் போகாவிட்டால் என்ன ஆகும், ஆட்டை யார் பார்ப்பது. இதையெல்லாம் மைக்கில் கேட்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கேள்வி உண்டு. "இருக்குன்னு சொல்லிட்டா அப்புறம் என்னங்க டீச்சர் பண்றது?" இதைத் தெரிந்த ஆளிடம்தான் கேட்பார்கள்.

எங்கள் திண்டுக்கல் மாவட்டத்திலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. ஒட்டன்சத்திரம் பக்கத்தில் அம்பிளிக்கை. அங்குள்ள மருத்துவமனையை வைத்து 2000ஆம் ஆண்டு தொடங்கி ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 30 முதல் 59 வயது வரை உள்ள 49,311 கிராமத்துப் பெண்களை அழைத்தார்கள். வீடு தேடிப் போய்ப் பேசித்தான் அழைத்தார்கள். 31,343 பேர் வந்தார்கள். பரிசோதனை செய்தவர்கள் பயிற்சி பெற்ற நர்ஸுகள். நீர்த்த வினிகரைத் தடவி ஒரு நிமிடம் காத்திருந்து, வெள்ளையாக மாறுகிறதா என்று பார்ப்பார்கள். அவ்வளவுதான். மாறியிருந்தால், முடிந்தவர்களுக்கு அன்றைக்கே உறைய வைக்கும் சிகிச்சையும் கொடுத்தார்கள். அந்தக் கிராமங்களில் இந்த நோயால் இறப்பது 35 சதவீதம் குறைந்தது என்று 2007இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது.

ஐந்து பேரை அழைத்தால் மூன்று பேர் வந்திருக்கிறார்கள். இதே தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் இந்தப் பரிசோதனையை ஒரு தடவையாவது செய்துகொண்டவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. பெண்கள் அதே பெண்கள்தானே?

எங்கள் ஊரில் மக்களைத் தேடி மருத்துவத்தில் வேலை பார்க்கும் பெண் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவள். பிரஷரும் சுகரும் பார்க்க வீடு வீடாகப் போகிறாள். எந்த வீட்டில் மாமியார் குணம் எப்படி என்பது முதல் அவளுக்குத் தெரியும். முகாமுக்குப் பிறகு என்னிடம் வந்தாள். "டீச்சர், நீங்க கூட வந்தா நாலு பேர் வருவாங்க." "நான் வந்து என்ன கண்ணு பண்றது?" "நீங்க முதல்ல உள்ள போங்க. அது போதும்."

போனேன். நாலு பேர் கூட வந்தார்கள். வெளியே வந்து நடந்ததை மறைக்காமல் சொன்னேன். கொஞ்சம் கூச்சமாக இருக்கும், கொஞ்சம் இழுத்த மாதிரி இருக்கும், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். வினிகர் என்றதும் ஒருத்தி, "அட, சைனீஸ் கடையில ஊத்துறதா டீச்சர்?" என்றாள். வேப்பமரத்தடியில் எல்லோரும் சிரித்தோம். அடுத்த வாரம் ஒன்பது பேர் வந்தார்கள்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

அந்த ஒன்பது பேரில் ஒருத்திக்கு வெள்ளைத் திட்டு தெரிந்தது. சதை எடுத்து அனுப்பினார்கள். ரிசல்ட் வர ஏழு வாரம். அந்த ஏழு வாரமும் அவள் காலையில் எழுந்ததும் என் மாணவி வீட்டு வாசலில் போய் நின்றாள். கேட்ட இடத்திலெல்லாம், "வரும், வந்தா சொல்றோம்" என்ற பதில்தான். கடைசியில் வந்தது. புற்றுநோய் இல்லை, முன்கட்டம்தான், சிகிச்சையும் முடிந்துவிட்டது. நல்ல செய்திதான். ஆனால் அதற்குள் வருவதாகச் சொன்ன ஏழெட்டுப் பேர் பின்வாங்கிவிட்டார்கள். "டீச்சர், அந்த அக்கா வீட்டு வழியா நடக்கிறதையே விட்டுட்டேன்" என்று என் மாணவி அழுதாள்.

உள்ளூர் ஆளை வைத்து மக்களை அழையுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரிதான். ஆனால் அங்கே செலவாவது அந்த உள்ளூர் ஆளின் பெயர். ரிசல்ட் தாமதமானால் அதிகாரி அந்தத் தெருவில் நடக்கப் போவதில்லை, அவள்தான் நடக்க வேண்டும். அவள் கூட்டிவந்த பெண்ணின் ரிசல்ட் எந்தத் தேதியில் வரும், வராவிட்டால் யாருக்குப் போன் பண்ணுவது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போனால் அந்த நாளுக்கும் சம்பளம் வேண்டும்.

இன்னொன்று. மாதத்துக்கு இத்தனை பேர் என்று அவளுக்குக் கணக்கு வைக்காதீர்கள். குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடிக்கச் சொல்லி வாத்தியார்களை அலைய விட்ட கதையை என் மூத்த ஆசிரியர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வாத்தியார் தெருவில் வந்தாலே கதவைச் சாத்துவார்களாம்.

ஆண்களையும் சொல்ல வேண்டும். வாயில் ஆறாத புண், வெள்ளைத் திட்டு என்றால் பெண்டாட்டியிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். எங்கள் ஊர் சலூன் கடைத் தம்பி சவரம் செய்யும்போது பார்த்து, "அண்ணே, இதைக் காட்டிருங்க" என்று சொல்லி இரண்டு பேரை அனுப்பியிருக்கிறார். யாரும் அவருக்குப் பயிற்சி கொடுக்கவில்லை.

வரும் செவ்வாய்க்கிழமை திரும்பவும் போகிறோம். காலை எட்டே முக்கால் டவுன் பஸ், நமக்கு டிக்கெட் கிடையாது. பின்வாங்கியவர்களில் இரண்டு பேர் வருகிறேன் என்றிருக்கிறார்கள். ஒருத்தி ஆட்டுக்கு என்ன செய்வது என்றாள். என் வீட்டுக் கொல்லையில் கட்டிவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.