விடுதிக்கு அனுப்பப்படும் நட்பு

நண்பர்கள் சிலர் கூடி அயல்நாட்டுத் திரைப்படங்களைப் பார்ப்பதும், பிறகு தேநீர்க் கடையில் நின்று நெடுநேரம் விவாதிப்பதும் சேலம், நாமக்கல் பகுதியிலும் உண்டு. அத்தகைய ஒரு மாலையில், சற்றும் பொருந்தாத இரு தனியர்களுக்கிடையே நட்பு முளைப்பதைச் சொல்லும் இந்தோனேசியப் படமொன்றைப் பற்றிப் பேச்சு எழுந்தது. அதையொட்டித் தகேஷி கிடானோவின் ‘கிகுஜிரோ’ (1999), வால்டர் சாலஸின் ‘சென்ட்ரல் ஸ்டேஷன்’ (1998) என்று பட்டியல் நீண்டது. தமிழில் மதுமிதா இயக்கிய ‘கே.டி. (எ) கருப்புதுரை’ (2019) இருக்கிறதே என்றோம். “அது நெஞ்சை நக்கும் படம்” என்று ஒருவர் ஒரே வரியில் முடித்துவைத்தார். மற்றவர்கள் சிரித்தார்கள். இக்கட்டுரை அந்தச் சிரிப்புக்கு எதிராக எழுதப்படுவது.

படத்தைப் பாராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்வோம். மூன்று மாதம் நினைவின்றிக் கிடந்து கண்விழிக்கும் எண்பது வயதுக் கருப்புதுரையின் காதில், தம்மைத் தலைக்கூத்தல் செய்துவிடக் குடும்பத்தார் கூடிப் பேசுவது விழுகிறது. வீட்டைவிட்டு வெளியேறுகிறார். வழியில் கோயிலை அண்டி வாழும் குட்டி என்னும் எட்டு வயதுச் சிறுவன் எதிர்ப்படுகிறான். அவனுக்கும் உறவென்று எவருமில்லை. கிழவரின் நிறைவேறாத ஆசைகளைச் சிறுவன் கேட்டுக்கேட்டுப் பட்டியலிட, இருவரும் ஊர்சுற்றக் கிளம்புகிறார்கள். நவீன நாடகத்தில் நெடுங்காலம் உழைத்த மு. ராமசுவாமி கிழவராக வாழ்ந்திருக்கிறார். சிறுவனாக நடித்த நாகவிஷால், 67ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த குழந்தை நட்சத்திர விருதைப் பெற்றார்.

இப்படம் குறைகளற்றது என நாம் வாதிடவில்லை. நாம் கேட்பது வேறு. ஜப்பானியச் சிறுவன் தாயைத் தேடி அலைந்தால் அது மானுடத்தின் தனிமை. தமிழ்க் கிழவர் பிரியாணிக்கு ஆசைப்பட்டால் அது மிகையுணர்ச்சியா? இந்தப் பாகுபாட்டை வெறும் ரசனை என்று விட்டுவிட இயலாது. வசனவரிகளின் வழியே நம்மை வந்தடையும் தனிமை நம்மிடம் எதையும் கோருவதில்லை. கண்கலங்கிவிட்டு எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம். கருப்புதுரையோ நம் வீட்டுத் திண்ணையிலேயே படுத்திருப்பவர். அவரைக் கடந்துதான் நாம் உள்ளே போக வேண்டும். அந்தச் சங்கடத்தை மறைக்கவே சிரிப்பு தேவைப்படுகிறது.

இராசிபுரத்திலிருந்து திருச்செங்கோடு வரையுள்ள எந்தச் சிற்றூருக்குள்ளும் பகல்பொழுதில் ஒருமுறை நடந்து பார்க்கலாம். மகன் ரிக் வண்டியோடு ஆழ்துளைக் கிணறு தோண்ட வெளிமாநிலம் போயிருப்பான். அல்லது லாரியில் வடக்கே போயிருப்பான். பேரப்பிள்ளைகள் விடுதிப் பள்ளியில். வீட்டுக்குக் காவலாக ஓர் அப்புச்சியோ அம்மாயியோ மட்டும். யாரையும் கொடுமைக்காரர் என்று சுட்ட முடியாது. எல்லோருக்கும் அவரவர் நியாயம் உண்டு. ஆனால் கிழவரும் குழந்தையும் ஒரே முற்றத்தில் இருந்த காலத்தை நாம் அனைவரும் கூடியே முடித்துவைத்திருக்கிறோம்.

தலைக்கூத்தல் தென்மாவட்டத்து வழக்கம், நமக்கு அதில் பங்கில்லை என்பார் உளர். 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் எந்த மாவட்டத்தில் தொடங்கப்பட்டது என்பதை அவர்கள் நினைவுகூர வேண்டும். பிறந்த பெண் சிசுக்கள் கொல்லப்பட்டதால் அரசே தொட்டில் கட்ட நேர்ந்த சேலம் இது. நாமக்கல் அப்போது இதே மாவட்டத்தின் பகுதி. 1997இல்தான் தனியே பிரிந்தது. வேண்டாத உயிர் எது என்று வீட்டுக்குள் கூடிப் பேசி முடிவெடுக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று.

ஆயினும் படத்தின்மேல் நமக்கொரு மனத்தாங்கல் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. இறுதியில் சிறுவனின் படிப்பைக் கருதிக் கிழவர் அவனைப் பிரிகிறார். பார்வையாளர் கண்ணீரோடு அதை ஏற்றுக்கொள்கிறார்கள். எதிர்காலத்துக்காக நிகழ்காலத்தின் ஒரே உறவைத் துறப்பதைத் தியாகமெனக் காட்டும் அம்முடிவை, பிளஸ் டூ மதிப்பெண்ணுக்காக ஊர் ஊராய்ப் பிள்ளைகளை வரவழைத்து விடுதிகளில் நிரப்பிய நாமக்கல் மண்ணிலிருந்து பார்க்கையில், நம்மால் அவ்வளவு எளிதாக ஏற்க இயலவில்லை. மாநில ‘ரேங்க்’ அறிவிப்பதை 2017இல் அரசு நிறுத்தியது. விடுதிகள் நிற்கவில்லை. படிப்பு வேண்டாமென்று நாம் சொல்வதாக எவரும் திரிக்க வேண்டா. படிப்புக்கு விலையாக உறவைக் கேட்கும் ஏற்பாட்டைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

வகுப்பில் முதலாண்டு மாணவர்களிடம், வீட்டிலுள்ள முதியவர் ஒருவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொல்வது நம் வழக்கம். மூன்று வரிக்குமேல் பலருக்கும் ஓடுவதில்லை. “எங்கள் அப்புச்சி மிகவும் நல்லவர், பாசமானவர்” என்பதோடு பேனா நின்றுவிடும். அவருக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டால் விழிப்பார்கள். ஒருமுறை ஒரு மாணவி, “ஞாயிற்றுக்கிழமை மட்டும் போனில் பேசுவோம், சாப்பிட்டீங்களா என்று கேட்பார், வைத்துவிடுவார்” என்று எழுதியிருந்தாள். திரைப்படத்தில் குட்டி சில நாளில் எழுதி முடிக்கும் பட்டியலைப் பதினேழு ஆண்டுகளில் எழுத முடியாதவர்களாக இப்பிள்ளைகளை ஆக்கியவர் யார்? அவர்கள்மேல் பிழையில்லை.

இன்னொன்றும் உண்டு. நம் ஊரில் ‘பொருந்தா நட்பு’ என்றால் முதலில் குறுக்கே நிற்பது வயதன்று, சாதி. பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ (2000) இம்மண்ணின் மேய்ச்சல் காட்டில் பண்ணையத்துச் சிறுவனையும் பண்ணைக்காரர் மகனையும் ஒன்றாக ஆடு மேய்க்க விட்டது. அச்சேர்க்கை எதுவரை அனுமதிக்கப்படும் என்பதையும் ஒளிக்காமல் காட்டியது. கருப்புதுரையின் கதை அத்தனை தூரம் போகவில்லை. போயிருக்கலாம் என்பது நம் ஆதங்கம். அவ்வாறு கேட்பதே விமர்சனம். சிரித்துத் தள்ளுவது அன்று.

அலட்சியத்தின் விளைவையும் கண்டாயிற்று. இதே மதுமிதா இக்கதையை இந்தியில் ‘காலிதர் லாபதா’ (2025) என எடுத்தபோது, எண்பது வயதுக் கிழவரின் இடத்தில் நடுவயதினராக அபிஷேக் பச்சன் வந்தார். கிழவர் தம் கதையிலிருந்தே வெளியேற்றப்பட்டுவிட்டார். இதைச் சந்தையின் குற்றம் என்று சொல்லிவிடலாம். ஆனால் முதியவர் ஒருவர் தனித்து ஒரு படத்தைத் தாங்கியபோது, அதைத் தாங்கிப் பிடித்திருக்க வேண்டிய நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்?

அடுத்த கூட்டத்தில் இப்படத்தையே திரையிடுவோம் என்று நண்பர்களிடம் சொல்லியிருக்கிறோம். ஒரு நிபந்தனையும் வைத்திருக்கிறோம்: வருபவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியவர் ஒருவரின் பத்து ஆசைகளைக் கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும். எழுத முடிந்தவர்கள் படத்தைப் பார்த்துவிட்டுத் தாராளமாகச் சிரிக்கட்டும்.