பாதியில் நிற்கும் சோதனைக்கு யார் பொறுப்பு?

புற்றுநோய்க் கட்டிகள் சிலவற்றில் காவல் காக்க வேண்டிய மரபணு சிதைந்திருப்பதில்லை, அடைபட்டுக் கிடக்கிறது. டி.என்.ஏ. இழை ஹிஸ்டோன் புரதங்களின்மேல் நூல்கண்டுபோலச் சுற்றியிருக்கிறது. ஹிஸ்டோனில் ஒட்டியுள்ள அசிட்டைல் குழுக்களை எச்.டி.ஏ.சி. நொதிகள் அகற்றினால் சுற்று இறுகும், மரபணு அடங்கிவிடும். நொதியைத் தடுத்தால் அந்த மரபணு மீண்டும் செயல்படக்கூடும் என்ற எண்ணத்தில் பிறந்தவையே வோரினோஸ்டாட் முதலிய மருந்துகள்.

எண்ணம் அழகானது. நோயாளியிடம் அது பலிக்கிறதா என்பது வேறு கேள்வி.

இவ்வகை மருந்துகளில், எலும்பு மஜ்ஜைப் புற்றான மைலோமாவுக்கான பானோபினோஸ்டாட்டை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க அரசின் வல்லுநர் குழு 5-2 என்ற வாக்கில் அதற்கு எதிராகவே நின்றது. பிறகு, ஏற்கெனவே சிகிச்சை பெற்றுச் சலித்த 193 பேரின் தரவைத் தனியே பார்த்தார்கள். நோய் தலைதூக்காத காலம் 5.8 மாதங்களிலிருந்து 10.6 ஆகியிருந்தது. கடும் வயிற்றுப்போக்கு, இதயக் கோளாறு பற்றிய எச்சரிக்கையோடு 2015இல் துரித அனுமதி கிடைத்தது. பலனை உறுதிசெய்யும் சோதனையைப் பின்னர் நடத்த வேண்டும் என்பது நிபந்தனை. அது முடியவே இல்லை. 2022இல் நிறுவனத்தின் கோரிக்கைப்படி அமெரிக்காவில் அந்த அனுமதி விலக்கப்பட்டது.

அதே வகை மருந்தான ரோமிடெப்சினின் கதை வேறு. டி-செல் நிணநீர்ப் புற்றுக்கு 2011இல் துரித அனுமதி. 421 பேரிடம் நடந்த உறுதிச் சோதனையில் எதிர்பார்த்த பலன் வரவில்லை. 2021இல் அந்த அனுமதி விலக்கப்பட்டது. தோல்விதான். ஆனாலும் மருத்துவம் இதில் ஒரு பதிலைப் பெற்றது.

சோதனை பாதியில் நிற்பதற்கான பழியை நிறுவனத்தின் தலையில் மட்டும் கட்டுவது எளிது. மருந்து கடைக்கு வந்தபின், அது கிடைக்காமலும் போகக்கூடிய சோதனைக் குழுவில் சேர எந்த நோயாளிக்கு மனம் வரும்? அனுமதி கேட்டுக் குரல் கொடுத்த நோயாளர் அமைப்புகள் சோதனை முடியவும் அதே குரலில் கேட்க வேண்டும். மருத்துவர்கள் சோதனைக்கு நோயாளிகளை அனுப்ப வேண்டும். லாபம் தராத சோதனைக்குப் பொதுப்பணம் வர வேண்டும். அனுமதிக்கு முன்பே உறுதிச் சோதனை தொடங்கியிருக்கச் சொல்லும் அதிகாரத்தை 2022 டிசம்பரில் அமெரிக்கச் சட்டம் அங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்குக் கொடுத்திருக்கிறது. தாமதம்தான், ஆனாலும் சரி.

நமக்கும் இதில் பங்குண்டு. அமெரிக்கா உள்ளிட்ட சில நாடுகளில் அனுமதி பெற்ற குறிப்பிட்ட வகை மருந்துகளுக்கு உள்நாட்டுச் சோதனையிலிருந்து விலக்களிக்க 2024 ஆகஸ்டில் இந்தியா வழிசெய்தது. அப்படி வரும் மருந்துகளில் எவை துரித அனுமதி பெற்றவை, அவற்றின் உறுதிச் சோதனை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதை நம் கட்டுப்பாட்டு அமைப்பு பட்டியலிட்டு வெளியிடட்டும். மருந்தை எழுதும் மருத்துவரும், பணம் கட்டும் குடும்பமும் அதைப் படித்துவிட்டு முடிவெடுக்கட்டும்.