தொட்டிலில் தொடங்கும் இசைப்பாடம்

2022 ஜூலையில் 68ஆவது தேசியத் திரைப்பட விருதுகள் அறிவிக்கப்பட்டபோது, சிறந்த பின்னணிப் பாடகிக்கான விருது பாலக்காடு மாவட்டம் அட்டப்பாடியைச் சேர்ந்த நஞ்சியம்மாவுக்குக் கிடைத்தது. 'அய்யப்பனும் கோஷியும்' படத்தில் இருளர் மொழியில் அவர் பாடிய பாடலுக்கான விருது அது. முறையாக இசை பயிலாதவருக்கு இவ்விருதை அளிக்கலாமா என்ற கேள்வி உடனே எழுந்தது. அவரை ஆதரித்தோர் பலரும் 'பயிலாத மேதை' என்றே புகழ்ந்தனர். அவர் பயிலாதவர் என்பது உண்மைதானா என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

அதே மாவட்டத்தின் கோட்டாயியைச் சேர்ந்த செம்பை வைத்தியநாத பாகவதர், மூன்று வயதிலேயே தந்தை அனந்த பாகவதரிடம் பாடத் தொடங்கினார். 1923இல் பிறந்த பாலக்காடு கே. வி. நாராயணசுவாமிக்கும் முதல் ஆசிரியர்கள் தந்தையும் பாட்டனாருமே. இவ்வீடுகளில் குழந்தை கேட்டுக் கற்றதைக் குருபரம்பரை என்கிறோம். இருளர் ஊர்களில் தாயின் இடுப்பிலிருந்தபடி குழந்தை கேட்டுக் கற்பதையோ பழக்கம் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். கொகலும் தவிலும் ஒலிக்கும் சடங்குகளில் பெரியவர்களின் கால்களுக்கிடையே நின்று தாளத்தை உள்வாங்கும் பிள்ளையும் மாணவனே. சரளிவரிசை என்ற பெயரும் எழுத்திலமைந்த சுரக்குறிப்பும் அங்கு இல்லை; கேட்டல், உடன்பாடல், திருத்தம் பெறல் ஆகிய மூன்றும் உண்டு.

வளர்ந்தபின் கற்பதைக்காட்டிலும் இது ஆழமானது. பிறந்து மூன்று நாள்கூட ஆகாத சிசு, பிற பெண்களின் குரலைவிடத் தாயின் குரலையே நாடுகிறது என்று டிகாஸ்பர், ஃபைஃபர் ஆகியோரின் 1980ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. ஜப்பானிய வயலின் ஆசிரியர் ஷினிச்சி சுசுகி, குழந்தை தாய்மொழியைக் கற்பதுபோலவே இசையையும் கற்க வேண்டும் எனக் கருதி, பெற்றோரை முதலில் வயலின் பழகச் செய்தார். அவர் வகுத்த இம்முறை உலகெங்கும் கட்டணம் பெற்றுக் கற்பிக்கப்படுகிறது. அட்டப்பாடித் தாய்மார் கட்டணமின்றிச் செய்துவருவதும் ஏறத்தாழ இதுவே.

இம்முறை எங்கே அறுபடும் என்பதை அறிய, தெற்கே இடுக்கியின் தேயிலைத் தோட்டங்களைப் பார்க்கலாம். தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் மூணாறு, பீர்மேடு பகுதிகளில், கொழுந்து பறிக்கக் காலையில் மலையேறும் தாய், குழந்தையைப் பிறர் பொறுப்பில் விட்டுச் செல்கிறாள். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பது பெண்களுக்கு மேல் பணிபுரியும் தோட்டங்களில் குழந்தைக் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. அறை, வெளிச்சம், தூய்மை, பயிற்சி பெற்ற பராமரிப்பாளர் ஆகிய யாவற்றையும் பேசிய அச்சட்டம், பகல் முழுவதும் தாலாட்டு இல்லாமல் போவதை ஓர் இழப்பாகக் கருதவில்லை.

பிள்ளைகளுக்கு மலையாளமும் ஆங்கிலமும் வேண்டும் என்று பெற்றோர் விரும்புவது நியாயம். பிழைப்பு அவற்றைக் கோருகிறது. ஆயினும் வீட்டுமொழிப் பாட்டு அவற்றுக்குத் தடையன்று. தொடக்கக் கல்வியில் வீட்டுமொழிக்கு இடமளிக்குமாறு 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையே பரிந்துரைக்கிறது. இருளர், முதுவர் மொழிகளில் அதற்கு எளிய வழி பாட்டுதான்.

ஆனால் களைத்து வீடு திரும்பும் தாயிடம் 'பாடுங்கள்' என்று அறிவுரை கூறுவது, அவள் சுமையோடு இன்னொன்றைச் சேர்ப்பதேயாகும். மாறாக, அங்கன்வாடிகளிலும் தோட்டக் காப்பகங்களிலும் வாரம் சில மணி நேரம் தாயோ தந்தையோ பாட்டியோ வந்து பாட வேண்டும். அந்நேரத்துக்குக் கூலி இழப்பு இருக்கக்கூடாது. முதியோருக்கு மதிப்பூதியம் வழங்கப்பட வேண்டும். பல்கலைக்கழகங்களும் இவர்களின் பாடல்களை நாட்டார் வழக்காறு என ஒலிப்பதிவு செய்து அடுக்குவதோடு நின்றுவிடலாகாது. அப்பதிவேடுகளில் பாடியவர் பெயருக்கு எதிரே 'தகவலாளர்' என்று எழுதுவது வழக்கம். 'ஆசிரியர்' என்று எழுதுவதிலிருந்து மாற்றம் தொடங்கலாம்.