வளர்ச்சி என்றொரு சொல்

றோட்டு வந்தால் தொழிற்சாலை வரும், கடைவீதி வரும், ஊர் உருப்படும் என்கிறார்கள் ரூ லூயி-பிளாங் தேநீர்க் கடைகளில். உருப்படப்போவது யார் என்று நாம் கேட்கிறோம்.

277 கிலோமீற்றர் நீளச் சென்னை–சேலம் எட்டுவழிச் சாலைக்காக, காணி எடுத்து முடியுமுன்பே வருவாய்ப் பதிவேட்டில் உழவர் பெயர் மாற்றப்பட்டது. 2019 ஏப்ரல் 8இல் சென்னை உயர் நீதிமன்றம் கையகப்படுத்தலை இரத்துச் செய்தது. 2020 டிசம்பர் 8இல் உச்ச நீதிமன்றம் சாலைக்கு வழிவிட்டது; ஆனால் அந்தப் பெயர்மாற்றத்தை ஏற்கவில்லை.

2013இல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டினார்கள். அங்கே சொன்ன சொல் பாதுகாப்பு, சேலத்தில் வளர்ச்சி. உரியவனைக் கேளாமல் காணியின் பெயரை மாற்றும் அதிகாரம் ஒன்றேதான். முன்னதற்குக் கொதிப்பவர்கள் பின்னதற்குக் கைதட்டுவது என்ன நியாயம்?